ஜன்னலை உடைத்து வந்த நாய்: கேம் கேள்வி – பதில்

சிறு வயதில் உங்களை நடுங்க வைத்த கேம் எது, அதைப் பற்றி இப்போது என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வீட்டைத்தான் சுற்றி வருகின்றன: 1996ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் காட்டுக்கு நடுவே நிற்கும் அந்த மாளிகை. ஆகவே இந்த இதழ் அதற்கே. 'சைலன்ட் ஹில்' பற்றிய ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறோம்.

பெரியப்பா மகன் வீட்டில் பார்த்தது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் போலீஸ், நீளமான ஒரு நடை, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் பாயும். பெயர் தெரியாது. அது என்ன கேம்? அந்த ஒரு இடம் மட்டும் ஏன் இத்தனை வருஷமாக மனதை விட்டுப் போகவில்லை? – திண்டுக்கல் வாசகர்

நீங்கள் பார்த்தது 'ரெசிடென்ட் ஈவில்' முதல் பாகம். கேப்காம் நிறுவனம் 1996 மார்ச் 22 அன்று ஜப்பானில் 'பயோஹசார்ட்' என்ற பெயரில் வெளியிட்டது. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அந்தப் பெண் ஜில் வேலன்டைன். விரும்பினால் கிறிஸ் ரெட்ஃபீல்டாகவும் ஆடலாம்.

அந்த இடம் பதிந்துபோனதற்குக் காரணம் நாய் மட்டுமல்ல. இந்த கேமில் அறைகள் எல்லாம் முன்கூட்டியே கணினியில் வரைந்து வைத்த அசையாப் படங்கள். ஆட்கள், எதிரிகள், எடுக்கக்கூடிய சில பொருட்கள் மட்டுமே அந்த நேரத்தில் உருவாகும் முப்பரிமாண உருவங்கள். கேமராவும் நம்மோடு வராது. மூலைக்கு ஒன்றாக நிலைத்து நிற்கும். ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குள் கண் இதைப் புரிந்துகொள்கிறது. நாற்காலி, விளக்கு, திரைச்சீலை, ஜன்னல் எல்லாம் வெறும் படம், அவற்றால் ஆபத்தில்லை என்று தனக்குத்தானே முடிவு கட்டிவிடுகிறது. அதுவரை வந்த எதிரிகளும் கால் இழுத்து நடக்கும் ஜாம்பிகள்தான். தள்ளி நின்று சுடலாம், சுற்றி ஓடலாம்.

பிறகு அந்த 'ட' வடிவ நடை வருகிறது. ஆபத்தில்லாத படம் என்று ஒதுக்கிவைத்த ஜன்னல் உடைகிறது. உள்ளே குதிப்பது நம்மைவிட வேகமாக ஓடுகிற ஒன்று. கேமரா கோணம் மாறும் நேரத்தில் அது எங்கே விழுந்தது என்பதும் தெரியாது. அதாவது, விளையாட்டின் விதிகள் என்று நீங்கள் கற்றுக்கொண்ட இரண்டும் ஒரே நொடியில் பொய்யாகின்றன. அதற்குப் பிறகு மாளிகையில் எந்த ஜன்னலையும் நம்பி நடக்க முடியாது. பெரும்பாலான ஜன்னல்கள் கடைசிவரை உடையவே உடையாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் தாண்டும்போது பயம் வரும். ஒரே ஒரு அதிர்ச்சியைச் செலவழித்து மாளிகை முழுவதற்கும் பயத்தை வாங்கிவிட்டார்கள். அந்தக் காலத் திகில் விளையாட்டுகளில் இதைவிடத் திறமையான ஒரு இடத்தைக் காட்டுவது கடினம்.

மறுபடி ஆடினால் அங்கே செய்ய வேண்டியது: கண்ணாடி உடைந்ததும் பதறித் திரும்பாதீர்கள். இடம் குறுகலானது, திரும்புவதற்குள் கடிபடும். நேராக ஓடி நடையின் மறுமுனைக் கதவைப் பிடியுங்கள். இரண்டாவது நாயும் உண்டு, அது வரும் என்று எதிர்பார்த்தே ஓடுங்கள். சுட்டே ஆக வேண்டுமென்றால், நாய் பாய்ந்து தரையில் விழுந்து எழுகிற இடைவெளியில் சுடுங்கள். அது பாய்ந்துகொண்டிருக்கும்போது சுட்டால் குண்டுதான் வீண்.

ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் கறுப்புத் திரையில் கதவு மெதுவாகத் திறக்கும். அது லோடிங் ஆவதற்கு நேரம் கடத்தும் வேலை என்கிறான் நண்பன். பயமுறுத்தத்தான் வைத்தார்கள் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? – கோவை வாசகர்

இருவரும்.

பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், படங்களுக்குத் தனியாக 1 மெகாபைட். சிடியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 300 கிலோபைட்தான் படிக்க முடியும். ஒரு மெகாபைட் நிரம்பவே மூன்று நொடிக்கு மேல்; லேசர் சரியான இடத்தைத் தேடிப்போகும் நேரம் தனி. அடுத்த அறையின் படங்கள், எதிரிகள், ஒலிகள் எல்லாம் அந்த இடைவெளியில் ஏற வேண்டும். வெறும் 'காத்திருக்கவும்' பலகையைக் காட்டியிருக்கலாம், கதவைக் காட்டினார்கள்.

அந்த யோசனை 1989ல் ஃபாமிகாம் என்ற ஜப்பானிய கன்சோலுக்கு கேப்காம் செய்த 'ஸ்வீட் ஹோம்' என்ற விளையாட்டிலிருந்து வந்தது. அதை இயக்கிய டோகுரோ புஜிவாராதான் மிகாமியிடம் இந்தப் புதிய வேலையைக் கொடுத்தவர். கதவு திறக்கும் காட்சி அதிலேயே உண்டு.

ஆனால் 'ரெசிடென்ட் ஈவிலில்' கதவுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1996 பதிப்பில் சாதாரணமாக எதிரிகள் கதவைத் தாண்டி வர மாட்டார்கள். துரத்துகிற எதிலிருந்தும் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் தப்பித்தோம். எனவே ஒரே காட்சி ஓடும்போது பயமாகவும் தப்பிக்கும்போது ஆறுதலாகவும் மாறுகிறது. இதை நீங்கள் நன்றாக நம்பத் தொடங்கிய பிறகு, தோட்டத்துக்கு அப்பால் உள்ள காவலர் விடுதியை முடித்து மாளிகைக்குத் திரும்பும் கட்டத்தில், ஏதோ ஒன்றின் கண் வழியாக ஒரு காட்சி ஓடும். நீங்கள் வந்த வழியிலேயே தரையோடு தரையாக விரைந்து வரும், கதவுக்கு முன் நிற்கும், கதவைத் திறக்கும். 'ஹன்டர்' என்ற எதிரியின் அறிமுகம் அது. கதவு காப்பாற்றும் என்று பல மணி நேரம் பழக்கிவிட்டு, பிறகு அந்தக் கதவையே திறந்து காட்டுகிறார்கள். ஜன்னலில் செய்த அதே வேலைதான், இன்னும் பொறுமையாக.

ஆகவே புதிய பதிப்புகளிலோ ரசிகர்கள் செய்த திருத்தங்களிலோ கதவுக் காட்சியைத் தவிர்க்கும் வசதி இருந்தால், முதல் முறை ஆடும்போது அதைத் தொடவே வேண்டாம்.

கன்ட்ரோலரில் இடது பக்கம் அழுத்தினால் ஆள் இடது பக்கம் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றுகிறான். இது கோளாறா? பழக வழி உண்டா? – திருநெல்வேலி வாசகர்

கோளாறு இல்லை. இதில் திசைகள் உங்கள் கண்ணுக்கு அல்ல, பாத்திரத்தின் உடலுக்கு. மேல் பட்டன் என்றால் அவர் முகம் பார்க்கும் பக்கம் முன்னே. கீழ் என்றால் பின்னே. இடமும் வலமும் உடலைத் திருப்ப மட்டும்.

காரணம் கேமரா. ஓடிக்கொண்டிருக்கும்போதே கோணம் சட்டென்று எதிர்ப்பக்கம் மாறும். திரையின் திசைப்படி நடந்தால், கோணம் மாறிய அதே கணத்தில் உங்கள் 'வலது' 'இடது' ஆகிவிடும், வந்த வழியே திரும்ப ஓடுவீர்கள். உடலின் திசைப்படி நடப்பதால் மேல் பட்டனை விடாமல் அழுத்தியிருந்தால் போதும், கேமரா எத்தனை முறை மாறினாலும் ஓட்டம் நேராகப் போகும். 1992ல் வந்த 'அலோன் இன் தி டார்க்' விளையாட்டிலும் இதே ஏற்பாடுதான்.

பழகுவதற்கு முதல் கூடமே போதும். பெரிய இடம், தொடக்கத்தில் எதிரி இல்லை. ஓடும் பட்டனோடு மேல் பட்டனை அழுத்திச் சுவரோரமாக ஒரு முழுச் சுற்று ஓடுங்கள். மூலைகளில் நிற்காமல், ஓடிக்கொண்டே திருப்புங்கள். அடுத்து, எட்டு வடிவத்தில் ஓடுங்கள். பிறகு ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்துத் துப்பாக்கியை உயர்த்தி, அந்த நிலையிலேயே இடமும் வலமும் திரும்பிப் பாருங்கள். உயர்த்தியிருக்கும்போது நடக்க முடியாது, திரும்ப மட்டும் முடியும். அதோடு மேல், கீழ் பட்டனைச் சேர்த்தால் குறியும் மேலே, கீழே போகும். தரையில் கிடந்து காலைப் பிடிக்கும் ஜாம்பிக்குக் கீழ்க்குறி அவசியம். படிக்கட்டு தானாக ஏறாது, அருகில் நின்று செயல் பட்டனை அழுத்த வேண்டும்.

சட்டென்று பின்பக்கம் திரும்பும் வசதி இந்த முதல் பாகத்தில் கிடையாது. எனவே முட்டுச்சந்துக்குள் நுழைவதற்கு முன் திரும்பும் இடத்தை மனதில் குறித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: ஜப்பானியப் பதிப்பில் துப்பாக்கியை உயர்த்தினால் தானே எதிரியை நோக்கித் திரும்பும். அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். "நான் மட்டும் குறி தவறுகிறேனே" என்று நினைத்த பலர் அமெரிக்க டிஸ்க் வைத்திருந்தவர்களாக இருக்கும்.

தொடக்கத்தில் வரும் நிஜ மனிதர்கள் நடித்த படம் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது. டிவி கேபிள் பழுதா? – வேலூர் வாசகர்

கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. ஜப்பானியப் பதிப்பில் வண்ணம். அமெரிக்க, ஐரோப்பியப் பதிப்புகளில் ரத்தக் காட்சிகளை வெட்டிக் கறுப்பு வெள்ளையாக்கினார்கள். விளையாட்டு தொடங்கிய பிறகும் வண்ணம் வரவில்லை என்றால் அப்போது டிவியைப் பாருங்கள்: நம்மூர் 'பால்' (PAL) வண்ண முறையை மட்டும் ஏற்கும் பழைய டிவியில் அமெரிக்க கன்சோலை இணைத்தால் நிறம் வராமல் போவது உண்டு.

சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய சாம்பல் நிற பிளேஸ்டேஷன் பரணில் இருந்து கிடைத்தது. சிடியும் இருக்கிறது. ப்ளக்கில் மாட்டி ஓட்டிப் பார்க்கலாமா? தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும் என்று வேறு சொல்கிறார்கள். – ஈரோடு வாசகர்

முதலில் மாட்டாதீர்கள். அடிப்பக்க ஸ்டிக்கரில் வோல்ட் அளவைப் படியுங்கள். அந்தப் பெரிய சாம்பல் மாடல்களில் மின்மாற்றி உள்ளேயே இருக்கிறது. அமெரிக்க மாடல் 120 வோல்ட், ஜப்பானிய மாடல் 100 வோல்ட், ஐரோப்பிய மாடல் 220–240 வோல்ட். ஆனால் பின்பக்க மின்குழி எல்லாவற்றிலும் எட்டு வடிவம்தான். நம் ரேடியோ ஒயரே கச்சிதமாகப் பொருந்தும், 230 வோல்ட் உள்ளே போகும், மின் பலகை போய்விடும். பொருந்துகிறது என்பதால் ஒத்துவரும் என்று எண்ணித்தான் பல கன்சோல்கள் வீணாகின.

230லிருந்து 110க்கு இறக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். கன்சோல் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. 100 விஏ திறன் தாராளம். ஜப்பானிய மாடலென்றால் 100 வோல்ட் வெளியீடு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். 2000ல் வந்த வெள்ளை நிறச் சிறிய 'பிஎஸ் ஒன்' என்றால் கவலை குறைவு. அதற்கு வெளி அடாப்டர்தான், கன்சோலுக்குத் தேவை 7.5 வோல்ட் நேர் மின்சாரம். அந்த அடாப்டரை மட்டும் நம்மூர் மின்சாரத்துக்கு ஏற்றதாக மாற்றினால் போதும்.

கவிழ்த்து வைப்பது கட்டுக்கதை இல்லை. தொடக்க மாடல்களில் லேசர் தலை மின்மாற்றிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது நகரும் தடமும் பிளாஸ்டிக். சூட்டிலும் உரசலிலும் தடம் தேய்ந்து, லேசர் தலை ஒரு பக்கம் இறங்கி, டிஸ்க்கை நேராகப் பார்க்க முடியாமல் போகும். கவிழ்த்தால் புவியீர்ப்பு அதை மறுபக்கம் இழுத்து ஓரளவு சமன் செய்கிறது. அறிகுறி எளிது: குரலும் வீடியோவும் முதலில் திக்கும், பிறகு கதவுக் காட்சியில் நின்றுவிடும். பின்னால் வந்த மாடல்களில் லேசரை மின்மாற்றியை விட்டுத் தள்ளி வைத்தார்கள்.

கவிழ்ப்பது தற்காலிக வழிதான். சரியான வரிசை இது. மின் ஒயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் லென்ஸை அழுத்தாமல் ஒரு சுற்றுத் துடையுங்கள். காயும்வரை மூடாதீர்கள். டிஸ்க்கின் கறுப்புப் பக்கத்தை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே விழுந்து படிக்க முடியாமல் செய்யும். அதற்கும் சரியாகவில்லை என்றால் மேல் உறையைக் கழற்றி, லேசர் நகரும் தண்டில் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கடுகளவு வையுங்கள். நிறைய வைத்தால் தூசி பிடிக்கும்.

பக்கத்தில் இருக்கும் சிறிய திருகு போன்ற மின்தடையைத் திருப்பி லேசரின் வலிமையைக் கூட்டச் சொல்வார்கள். அதைக் கடைசிவரை தொடாதீர்கள். கூட்டினால் சில நாள் ஓடும், பிறகு லேசர் மொத்தமாகப் போகும். அந்த நிலைக்கு வந்தால் முழு லேசர் அமைப்பையே மாற்றுவது மேல். பழையதன் மேல் அச்சாகியிருக்கும் கேஎஸ்எம்-440 வரிசை எண்ணைக் கடைசி எழுத்துவரை பார்த்து வாங்குங்கள். புதியதில், கொண்டுவரும்போது நிலைமின்சாரத்தால் கெடாமல் இருக்க இரண்டு புள்ளிகளை ஈயத்தால் ஒட்டி வைத்திருப்பார்கள். மாட்டும்போது அந்த ஈயத்துளியைச் சால்டரிங் அயர்ன் நுனியால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் லேசர் எரியாது; "புதியதும் பழுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

கம்ப்யூட்டரில் ஆட எது நல்ல பதிப்பு? படத்தை 4கே தரத்துக்கு உயர்த்திப் பார்த்தேன், பழைய பயமே வரவில்லை. வயதாகிவிட்டதா, செட்டிங் தப்பா? – சென்னை வாசகர்

பெரும்பகுதி செட்டிங்தான்.

இந்த விளையாட்டின் அறைப் படங்கள் ஏறத்தாழ 320க்கு 240 புள்ளி அளவில் வரைந்து சேமிக்கப்பட்டவை. எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போலவே கணினியை நடக்க வைக்கும் மென்பொருள்) தெளிவை நாலு மடங்கு, எட்டு மடங்கு என்று ஏற்றினால் ஜில்லும் ஜாம்பியும் மட்டும் கூர்மையாவார்கள், பின்னால் உள்ள சுவர் பழையபடியே சொரசொரப்பாக இருக்கும். காலண்டர் படத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல எதிரி தனியாகத் தெரிவான். எது படம், எது உயிருள்ளது என்று கண்ணுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். திண்டுக்கல் வாசகருக்குச் சொன்ன ஜன்னல் விஷயம் அங்கேயே செத்துவிடுகிறது.

டக்ஸ்டேஷன் போன்ற எமுலேட்டரில் (உங்கள் சொந்த கன்சோலின் பயாஸ் எனும் அடிப்படை மென்பொருள், சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த பிரதி இரண்டும் வேண்டும்) தெளிவை 1 மடங்கிலேயே வையுங்கள். உண்மை நிறம் என்ற தெரிவை அணைத்து, பழைய புள்ளிச் சிதறலை அப்படியே விடுங்கள். திரை 4:3 விகிதம். அகலத்துக்கு இழுக்க வேண்டாம். பழைய குழாய் டிவிபோல வரிகள் காட்டும் சிஆர்டி வடிகட்டியைப் போட்டால் சுவரும் ஆளும் ஒரே துணியில் நெய்ததாக ஒன்றிவிடும். வெளிச்சத்தைக் கூட்டி மூலைகளைப் பார்க்க நினைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி. மாளிகையில் தட்டச்சுப் பொறி இருக்கும் இடத்தில் மட்டும்தான் சேமிக்க முடியும், அதற்கும் மை ரிப்பன் ஒன்று செலவாகும். கடைசியாகச் சேமித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, உடல்நிலைக் கோடு சிவப்பாகத் துடிக்கிறது, அடுத்த கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியாது. பயம் ஜாம்பியின் முகத்தில் இல்லை, அந்த முக்கால் மணி நேரத்தை இழப்பதில்தான் இருக்கிறது. விசைப்பலகையில் ஒரு தட்டில் சேமித்துவிட்டால் இழக்க ஒன்றுமே இல்லை. அந்த விசையையே அமைப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். 

எமுலேட்டர் தொல்லை வேண்டாம் என்றால், ஜிஓஜி இணையக் கடையில் 2024 ஜூன் முதல் பழைய கணினிப் பதிப்பு விற்பனையில் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். அதிலும் அமைப்புகளில் விகிதத்தையும் கூர்மையையும் மேலே சொன்னபடி அடக்கி வையுங்கள்.

பிளேஸ்டேஷன் டிஸ்க்காகத் தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது: 1997ல் 'டைரக்டர்ஸ் கட்' வந்தது. அதில் தொடக்கநிலை ஆட்டம் எளிது, குண்டுகள் இரட்டிப்பு; 'அரேஞ்ச்' முறையில் கேமரா கோணங்களும் பொருட்களின் இடங்களும் மாறியிருக்கும். 1998ல் அதுவே டூயல்ஷாக் பதிப்பாக வந்தபோது அனலாக் குச்சியும் அதிர்வும் சேர்ந்தன, ஆனால் பின்னணி இசையை மாற்றிவிட்டார்கள். புதிய இசை மமோரு சாமுராகோச்சியின் பெயரில் வெளியானது. அவர் பெயரில் வந்தவற்றை வேறொருவர் எழுதினார் என்பது 2014ல் வெளியாகிப் பெரிய செய்தியானது. அந்த மாற்று இசை பல இடங்களில் பயத்தைக் கலைக்கிறது, நிலவறையில் குறிப்பாக. சிறு வயதில் கேட்ட இசைதான் வேண்டுமென்றால் டூயல்ஷாக் என்று உறையில் எழுதாத டிஸ்க்கை வாங்குங்கள்.

2002ல் மிகாமியே நின்டென்டோவின் கேம்கியூப் கன்சோலுக்காக மறுபடி செய்தார். அதன் மெருகேற்றிய பதிப்பு 2015ல் கணினிக்கும் வந்தது. அருமையான படைப்பு, ஆனால் வேறு விளையாட்டு. கொன்ற ஜாம்பியை எரிக்காமலோ தலையைச் சிதைக்காமலோ விட்டால் பிறகு வேகமாக எழுந்து ஓடிவரும். சில ஜாம்பிகள் கதவையும் திறக்கும். நாய் நடையில் முதல் முறை போகும்போது கண்ணாடியில் விரிசல் மட்டும்தான் விழும். நாய் வருவது பிறகு. பழைய விளையாட்டை ஆடியவர்களின் நினைவையே வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். ஆகவே 1996 பதிப்பை முடித்துவிட்டு இதற்குப் போங்கள்.

ஜில்லா, கிறிஸ்ஸா? எனக்கு எப்போதும் பாதியிலேயே குண்டு தீர்ந்துவிடுகிறது. – தஞ்சாவூர் வாசகர்

முதல் முறை ஜில். அவருக்கு 8 பொருட்கள் வைக்க இடம், பூட்டுத் திறக்கும் கம்பி, தொடக்கத்திலிருந்தே துப்பாக்கி. கிறிஸ்ஸுக்கு 6 இடம்தான். கத்தியோடு தொடங்கி, துப்பாக்கியைக் கூடத்துக்குத் திரும்பி வந்து எடுக்க வேண்டும். சிறு பூட்டுகளுக்கும் சாவி தேட வேண்டும். அடி தாங்குவதில் மட்டும் அவர் மேல்.

குண்டு தீர்வதற்குக் காரணம் எல்லாரையும் கொல்வது. இந்த கேமில் கொன்றால் மதிப்பெண் இல்லை. ஒரு நடையை இனி எத்தனை முறை கடக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள்: சேமிக்கும் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள வழியைச் சுத்தம் செய்யலாம்; ஒரே முறை போய் ஒரு பொருளை எடுத்துத் திரும்பும் அறையில் சுற்றி ஓடுங்கள். ஜாம்பி கை நீட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, சுவரை ஒட்டி.

ஷாட்கன் கிடைத்ததும் தூரத்தில் இருந்து சுடுவதை விட்டுவிடுங்கள். ஜாம்பி கைக்கெட்டும் தூரம் வரும்வரை பொறுத்து, ஆர்1 உடன் மேல் பட்டனையும் பிடித்துச் சுட்டால் ஒரே குண்டில் தலை போகும். நெருங்கவிடும் அந்த இரண்டு நொடிதான் கடினம். அந்த ஷாட்கனைச் சுவரிலிருந்து எடுத்தால் வெளியேறும்போது பக்கத்து அறையின் கூரை இறங்கும். ஜில்லை அவருடைய சக வீரர் பாரி வந்து காப்பாற்றுவார். கிறிஸ்ஸுக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள், உடைந்த துப்பாக்கியை அந்த இடத்தில் மாட்டிவிட்டுத்தான் இதை எடுக்க வேண்டும்.

மூலிகை: பச்சை மட்டும் கொஞ்சம் குணமாக்கும், பச்சையும் சிவப்பும் கலந்தால் முழுக் குணம், சிவப்பு தனியாகப் பயன்படாது, நீலம் விஷத்துக்கு. கலந்து வைத்தால் பையில் இடமும் மிச்சம். பொருட்களைப் போட்டு வைக்கும் பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றில் போட்டதை வேறு அறைப் பெட்டியில் எடுக்கலாம். மை ரிப்பனைப் பையில் சுமந்து திரிய வேண்டாம்.

ஓவியங்கள் மாட்டிய அறையில் காக்கைகள் கொத்திக் கொன்றுவிடுகின்றன. – நாகர்கோவில் வாசகர்

சுடாதீர்கள், ஓடாமல் நடங்கள். ஒவ்வொரு ஓவியத்தின் கீழும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மனித வாழ்க்கையின் வரிசையில் அழுத்துங்கள்: பிறந்த சிசு, குழந்தை, சிறுவன், இளைஞன், களைத்த நடுவயதுக்காரர், முதியவர், கடைசியாக மரணத்தைக் காட்டும் பெரிய ஓவியம். வரிசை தவறினாலும் காக்கைகள் இறங்கும்.

'சைலன்ட் ஹில்' ஊர் முழுக்க ஏன் பனிமூட்டம்? – யாழ்ப்பாணம் வாசகர்

கொனாமி 1999ல் வெளியிட்ட அந்த விளையாட்டில் பின்னணி வரைபடங்கள் இல்லை. தெருக்கள் முழுதும் உடனுக்குடன் உருவாகும் முப்பரிமாணம். நீளமான தெருவை முழுதாகக் காட்டும் திறன் பிளேஸ்டேஷனுக்கு இல்லை. அருகில் உள்ளதை மட்டும் வரைந்து, மற்றதைப் பகலில் பனியாலும் இரவில் இருட்டாலும் மூடினார்கள். வரைய முடியாத தூரம் அப்படியே பயப்பட வேண்டிய தூரமாயிற்று.

பார்வையை எடுத்துவிட்டதால் காதுக்கு வேலை கொடுத்தார்கள்: எதிரி நெருங்கினால் கையில் உள்ள ரேடியோ இரையும். எது, எந்தப் பக்கம் என்று சொல்லாது. இருட்டில் கைவிளக்கை அணைத்துவிட்டால் எதிரிகள் உங்களைக் கவனிப்பது குறையும், ஆனால் வரைபடம் பார்க்க முடியாது. இசையமைப்பாளர் அகிரா யமாவோகாவின் ஒலியில் இயந்திரச் சத்தத்துக்கும் ரேடியோ இரைச்சலுக்கும் இடையே வித்தியாசம் தெரிய ஹெட்போன் போடுங்கள். பள்ளிக்கூடத்தில் வந்த குட்டி எதிரிகள் பற்றி நண்பர்களுக்குள் நினைவு மாறினால் சண்டை வேண்டாம்: அமெரிக்கப் பதிப்பில் இருந்தவற்றை ஜப்பானிய, ஐரோப்பியப் பதிப்புகளில் வேறு உருவமாக மாற்றினார்கள்.

என் ஒன்பது வயது மகன், "அப்பா சின்ன வயசுல பயந்த கேம்" என்று கேட்டு நச்சரிக்கிறான். ஆட விடலாமா? – மதுரை வாசகர்

வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான 'எம்' தரச்சான்று. இன்றைய கண்ணுக்கு ஆட்கள் பொம்மைபோலத் தெரிவார்கள் என்பதால் பாதிப்பு இருக்காது என்று நினைக்காதீர்கள். மேலே சொன்னபடி, பயம் படத்தின் தரத்திலிருந்து வருவதில்லை. அது இன்றும் வேலை செய்யும். பிணத்தைத் தின்னும் காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது.

அவன் வயதுக்கு நின்டென்டோவின் 'லூயிஜிஸ் மேன்ஷன்' பொருத்தம். இருட்டு மாளிகை, பூட்டிய அறைகள், பேய்கள் எல்லாம் உண்டு. ஆனால் பேய்களை வாக்யூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும், லூயிஜியே நம்மைவிட அதிகமாகப் பயப்படுவார். 2001ல் தொடங்கிய வரிசை. மூன்றாம் பாகம் 2019ல் ஸ்விட்சுக்கு வந்தது, இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கன்ட்ரோலர் அவன் கையில் இருக்கட்டும். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் குழந்தைக்கு ஆடுகிற குழந்தையைவிடப் பயம் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் நிறுத்தும் பட்டன் அதன் கையில் இல்லை.

ஏற்கனவே எங்கோ பார்த்துப் பயந்து தூக்கம் கெட்டிருந்தால், பகலில், டிவியின் ஒலியை முழுதாக அணைத்து, அதே இடத்தை உங்களோடு இரண்டு மூன்று தரம் பார்க்க விடுங்கள். நாய் எந்த அடியில் வரும் என்று அவனே சொல்லத் தொடங்குவான். கேலி மட்டும் செய்யாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 2ல் பழைய டிஸ்க் ஓடுகிறது, சேமிக்க முடியவில்லை. – சேலம் வாசகர்

பிஎஸ்2 கார்டில் பழைய விளையாட்டுகளால் நேரடியாகச் சேமிக்க முடியாது. பிஎஸ்1க்கான 15 பிளாக் கார்டு ஒன்று வாங்கி அதே துளையில் செருகுங்கள். அப்படியும் காட்டவில்லை என்றால் கார்டின் செம்புப் பற்களை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, கன்சோலை அணைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள். தட்டச்சுப் பொறி 'சேமிக்கிறது' என்று காட்டும் நேரத்தில் மட்டும் கார்டை உருவாதீர்கள். அந்தக் கோப்பு கெட்டுப்போகும், ரிப்பனும் திரும்பாது.